எவரை எடுப்பது? எவரை விடுப்பது?

காற்பந்தாட்டத்தைப் பற்றி மன்ற மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "குறளைப் பற்றி எழுது, குறுந்தொகையைப் பற்றி எழுது. பந்தைப் பற்றி எழுதப் பத்து வரி இருக்கிறதா உன்னிடம்?" என்று கேட்டார். பத்து வரியல்ல, பத்துப் பக்கம் இருக்கிறது என்றேன். மலராசிரியர் அத்தனை இடம் தரமாட்டார் என்பதால் சுருக்கிக் கொள்கிறேன்.

நான் மாரிகுப்பத்தான். கோலார் தங்கவயலின் கடைசி ரயில் நிலையம் அது. தண்டவாளம் அங்கே முடிகிறது. அதற்கப்பால் சயனைடு மண்மேடுதான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கத்தை மூடினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகப் பூமிக்குள் இறங்கிப் பொன் எடுத்தவர்களின் பிள்ளைகள், இன்று விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். தங்கம் போயிற்று, சங்கு போயிற்று, சம்பளம் போயிற்று. லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் வெளியில் பந்து மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கு வந்து பாருங்கள், தோழர்களே! காலணி உள்ளவனும் இல்லாதவனும் ஒரே பந்தின் பின்னால் ஓடுவதைக் காணலாம்.

அந்த மைதானத்து மண்மேட்டில் உட்கார்ந்து, ஆடுபவர்களைவிட அதிகமாகப் பேசும் கூட்டத்தில் நானும் ஒருவன். எந்தக் கழகம் எவனை எடுத்தது, எவனை விட்டது, ஏன் விட்டது என்பதே எங்கள் பேச்சு. அந்தப் பேச்சிலிருந்து எனக்குத் தோன்றிய சில கருத்துகளைச் சொல்கிறேன். ஒப்பாதவர்கள் அடுத்த மலரில் மறுக்கட்டும்.

அமெரிக்காவிலே ஒரு காற்பந்து உண்டு. பெயர்தான் காற்பந்து, ஆடுவதெல்லாம் கையால். அந்த விந்தை கிடக்கட்டும். அவர்களிடம் நாம் கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்றிருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் கழகங்களெல்லாம் கூடி, பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த மாணவர்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. ட்ராஃப்ட் என்பது அதன் பெயர். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்குத் தெரியுமா? சென்ற ஆண்டு எல்லாரிடமும் தோற்றுக் கடைசியில் கிடந்த கழகத்துக்கு! வென்றவன் கடைசியில் வருவான். நலிந்தவனுக்கு முதற்பந்தி. கேட்கும்போதே இனிக்கிறதல்லவா?

அவர்களுக்கும் கண் தவறுவதுண்டு. அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்றொருவன் நடுவில் நிற்பான். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று இமைப்பொழுதில் முடிவு செய்பவன் அவனே. டாம் பிரேடி என்ற குவார்ட்டர்பேக்கை 2000-ஆம் ஆண்டில் 199-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன் 198 பேர்! அவரோ பிறகு ஏழு முறை சாம்பியன் அணியில் நின்றார். 2022-இல் பிராக் பர்டி என்பவரை 262-ஆவதாக, பட்டியலின் கடைசிப் பெயராக எடுத்தார்கள். 2024-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் தம் அணியை நடத்திச் சென்றவர் அவரே. அணி தோற்றது, ஆனால் கடைசிப் பெயர் இறுதியாட்டம் வரைக்கும் வந்துவிட்டது. கடைசியாக இருந்தாலும் பட்டியலில் அவருக்கு ஓரிடம் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பட்டியலிலேயே ஏறாதவன் கதை என்ன?

நம் நாட்டிலும் இந்த ட்ராஃப்ட் முறை சில காலம் இருந்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது வந்தது. 2017 ஜூலை 23-ஆம் நாள் மும்பையில் கூடியதே பெரிய கூட்டம். பத்துக் கழகங்கள். முதிர்ந்த ஆட்டக்காரர்களில் இருவரை மட்டுமே ஒரு கழகம் தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களைப் பொதுவில் விட்டுத் திரும்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவர் தலைக்கும் விலை முன்னதாகவே குறித்தாயிற்று. அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூரும், யூஜின்சன் லிங்டோவைக் கொல்கத்தாவும் தலைக்கு 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தன. பெங்களூர் சுனில் சேத்ரியையும் உதாந்தா சிங்கையும் நிறுத்திக்கொண்டது. சென்னை ஜேஜேயையும் கரண்ஜித் சிங்கையும் நிறுத்திக்கொண்டது.

மாரிகுப்பம் மண்மேட்டில் அன்று நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா! கோல் காப்பவனுக்காக நிறுத்தும் இரண்டு இடங்களில் ஒன்றை வீணாக்கலாமா என்று ஒரு கட்சி. கோல் காப்பவன் இல்லாமல் கோட்டை எதற்கு என்று மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இன்றும் அதே கட்சிதான்.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டம் 2018 மார்ச் 17-இல் பெங்களூர் கண்டீரவா அரங்கில் நடந்தது. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற பெங்களூரும் இரண்டாமிடம் பெற்ற சென்னையும் மோதின. எங்கள் பாடு பெரும்பாடு! பேசும் மொழி சென்னை பக்கம் இழுக்கிறது. பிழைக்கப் போகும் ரயில் பெங்களூர் பக்கம் இழுக்கிறது. ஒரே லைன் வீட்டுக்குள் அண்ணன் நீலச் சட்டை இரண்டு விதம், தம்பி நீலச் சட்டை இரண்டு விதம் என்று வாங்கி வைத்திருந்ததைக் கண்டேன். ஒன்பதாம் நிமிடத்திலேயே சேத்ரி கோல் போட்டார். அரங்கம் அதிர்ந்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சென்னையின் பின்வரிசைக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் மூலையுதையில் வந்த பந்தை ஒருமுறையல்ல, இருமுறை தலையால் முட்டி உள்ளே தள்ளினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். 3-2 என்று சென்னை வென்றது. தடுப்பதற்காக எடுத்தவன் தாக்கி வென்று கொடுத்தான்! பெயருக்கு எதிரே 'தடுப்பாளர்', 'தாக்குபவர்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது வேலை என்று நினைக்கும் தேர்வாளர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

அதற்கு நான்கு நாள் முன்னர் கோவாவை 3-0 என்று வென்ற அரையிறுதியில் ஒரு கோல் போட்டவர் தனபால் கணேஷ். சென்னை வியாசர்பாடிப் பிள்ளை. நடுவரிசையில் நின்று பந்தைப் பறித்து முன்னே அனுப்பும் வேலை அவருடையது. வியாசர்பாடியில் குடிசைப் பிள்ளைகளைத் திரட்டிப் பந்தாடச் சொல்லிக் கொடுக்க ஒரு சங்கம் இருந்தது. அதனால் கணேஷ் கண்ணில் பட்டார். கண்ணில் படுவதற்கு ஒரு வழி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவரிசையும் முன்வரிசையும் நம் குவார்ட்டர்பேக் இடங்கள் என்பேன். அந்த இடங்களை வெளிநாட்டாருக்கே விட்டுக்கொடுத்து வந்திருக்கின்றன நம் கழகங்கள். மைதானத்தில் நிற்கும் பதினொருவரில் வெளிநாட்டார் 2017-இல் ஐவர் என்றும், 2021-இல் நால்வர் என்றும் குறைத்தார்கள். குறைத்து என்ன பயன்? 2014 முதல் 2025 வரை நடந்த 11 பருவங்களில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஒரு முறையேனும் இந்தியர் ஒருவர் வாங்கினாரா? இல்லை. நால்வரானாலும் அந்த நால்வரையும் கோலருகே நிறுத்தினால் நம் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்வார்கள்?

விளைவு என்னவாயிற்று? 2024 ஜூன் 6-ஆம் நாள் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி, கண்ணீரோடு விடைபெற்றார் சேத்ரி. ஓராண்டுகூட ஆகவில்லை, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்ப அழைத்தார்கள். வந்தார், மாலத்தீவோடு கோலும் போட்டார். அவரைக் குறைசொல்ல என் நா எழாது. ஆனால் அழைத்தது சரியா? சரியல்ல என்பது என் துணிபு. தாத்தாவைக் கூப்பிட்டு ஏர் உழச் சொல்லும் வீட்டில், பேரன்கள் எங்கே போனார்கள் என்றல்லவா ஊரார் கேட்பார்கள்? சேத்ரி ஓய்வெடுத்திருந்தால் இன்னும் இரண்டு ஆட்டம் தோற்றிருப்போம். தோற்றால்தான் என்ன? தோற்கும் அந்த இரண்டு ஆட்டத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் கற்றுக்கொண்டிருப்பான். என் மண்மேட்டு நண்பர்கள் இதற்காக என்னைத் துரோகி என்றார்கள். ஏற்றுக்கொண்டேன்.

துணிந்து ஆள் மாற்றுவது எப்படி என்று அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவுக்குப் போனால் போதும். பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம். முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்தோடு ஆடியபோது நடுத்தடுப்பு ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். கோல் காக்கும் பீட்டர் தங்கராஜோ காய்ச்சலில் படுத்துவிட்டார்; பிரத்யுத் பர்மன் அவர் இடத்தில் நின்று ஒழுங்காகவே ஆடினார். வேறொருவராக இருந்தால் ஜர்னைலை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீம் அவரைத் தடுப்பிலிருந்து எடுத்து முன்வரிசை நடுவில் நிறுத்தினார்! தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் கோல் போட்டார். இறுதியாட்டத்துக்குத் தங்கராஜைத் திரும்பக் கொண்டுவந்தார் ரஹீம். இந்தியாவுக்கு எதிராக முழங்கிய பெருங்கூட்டத்தின் நடுவே 2-1 என்று அதே தென் கொரியாவை வென்று தங்கப் பதக்கம் கொணர்ந்தார்கள்.

அந்தத் தங்கராஜ் யார்? ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். படையில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடியவர். தொடக்கத்தில் முன்வரிசை ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காக்க நின்றார். அந்த மையம் 1955-இலும் 1958-இலும் டியூரண்ட் கோப்பையை வென்றது. அதே அணியின் துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஏழை வீடு. அவரைத் தேடிக் கண்டுபிடித்தவர் ரஹீம். பயிற்சிக்கு வர சைக்கிள் வாடகைக்குக் காசும் கொடுத்தார். தேர்வாளர் என்றால் இவரல்லவா தேர்வாளர்! பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்கவில்லை. பெயர் இருந்த தெருவுக்கே போனார்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

எங்கள் மைதானத்தில் கோல் காக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். வயது பத்தொன்பது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். விடியுமுன் ரயில், இருட்டியபின் ரயில். ஞாயிறு ஒரு நாள் பந்து. பந்து எங்கே வரும் என்பதை உதைப்பவன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவான். நான் பார்த்த கோல்கீப்பர்களில், தொலைக்காட்சியில் பார்த்தவர்களையும் சேர்த்துச் சொல்கிறேன், அவனைப்போல் முன்னே வந்து பந்தை எடுப்பவன் அரிது.

சென்ற ஆண்டு பெங்களூரில் ஒரு கழகம் ஆள் தேர்வு வைத்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனான். நானும் உடன் போனேன். காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் ரயிலில் போயும் ஏழரை ஆயிற்று. சீட்டு வாங்கி எண் எழுதினார்கள். முன்வரிசைக்காரர்களை ஓடவிட்டார்கள், நடுவரிசைக்காரர்களை ஓடவிட்டார்கள். நண்பகல் ஆயிற்று. கோல் காப்பவர் இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள், போதும் என்றார் ஒருவர். அவ்வளவுதான். கையுறையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை அவன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன், அடுத்த தேர்வுக்கு வருவாயா என்று.

"கோலிக்கு யாருண்ணா கூப்பிடுறாங்க? எல்லாரும் ஃபார்வர்டுக்குத்தான் ஆள் தேடுறாங்க. எனக்கு லீவும் கிடையாது" என்றான். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாள் வேலை.

மைசூர் மாநிலம் சந்தோஷ் கோப்பையை 1968-69-இல் வென்றது. அடுத்து கர்நாடகம் என்ற பெயரில் வெல்ல 54 ஆண்டு பிடித்தது. 2023 மார்ச் 4-ஆம் நாள் ரியாத் நகரில் மேகாலயத்தை வென்றபோதுதான் கோப்பை திரும்பியது. இடையில் போன அரை நூற்றாண்டில், எத்தனை பையன்கள் கையுறையைப் பையிலிருந்து எடுக்காமலே ரயிலேறித் திரும்பினார்களோ!

அமெரிக்கர்கள் பல்கலைக்கழகத்தில் தேடுகிறார்கள் என்றேன். நம் பல்கலைக்கழகத்து அணியையும் பாருங்கள். விடுதியில் இருப்பவன், வண்டி உள்ளவன், மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் நிற்க வசதியுள்ளவன், இவர்களுக்குள்தான் தேர்வு. மாலையில் ரயிலைப் பிடிக்க ஓடும் மாணவன் எப்போது பயிற்சிக்கு வருவான்? தங்கவயலிலிருந்து தினம் வந்துபோகும் மாணவர் நம் மன்றத்திலேயே பலர் இருக்கிறோம். அணியில் ஒருவரும் இல்லை.

ஆகையால் மன்றக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் இருக்கட்டும், கவியரங்கம் இருக்கட்டும். அதோடு ஒரு ஞாயிறு நம் அணியை மாரிகுப்பத்துக்கு அழைத்து வாருங்கள். ரயில் கட்டணம் சிற்றுண்டிச் செலவைவிடக் குறைவு. லைன் பிள்ளைகளோடு ஓராட்டம் ஆடட்டும். கழகங்களின் பயிற்சியாளர்களுக்கு அழைப்புக் கடிதம் நான் எழுதுகிறேன். மன்ற முத்திரை மட்டும் வேண்டும். தோற்கப்போவது நாம்தான். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பதினொருவர் பட்டியலை எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டேன். முதற்பெயர் கோல்கீப்பருடையது. வழக்கமாக முதலில் எழுதுவதும், கடைசியில் நினைப்பதும் அந்தப் பெயரைத்தான். அந்த ஞாயிறு அவனுக்குக் கூடுதல் வேலை கொடுக்காமல் இருக்க வேண்டும். கிடங்கு மேற்பார்வையாளரிடம் நானே போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.