நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் தேவையா?



நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்ட 2022ஆம் ஆண்டு தொட்டு, எங்கள் வட்டாரத்துத் தாமான் வீடுகள் சிலவற்றின் பின்புறத்தில் கோழிக்கூண்டுகள் முளைக்கத் தொடங்கின. முட்டைக்கான அரசு உதவித்தொகை 2025 ஆகஸ்டு முதல் நாளோடு நிறுத்தப்பட்ட பின்னர், இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. எங்கள் பள்ளித் தோட்டத்தின் ஓரத்திலும் ஒரு கூண்டு அமைத்து, நான்கு பெட்டைக்கோழிகள் வாங்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. உடனே ஒரு தந்தை, “சேவல் இல்லாமல் எப்படி ஐயா முட்டை கிடைக்கும்?” என்று கேட்டார். பலரும் தலையசைத்தனர். ஒரு சேவலையும் சேர்த்தே வாங்குவதென்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அந்தச் சேவல் வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. அதன் உடலில் ஒரு முட்டை உருவாகி வெளிவர ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகும். சேவலைக் கண்ணாலும் காணாத கோழியும் முட்டையிடும். கடையில் நாம் வாங்கும் முட்டைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட கோழிகள் இட்டவையே. சேவல் இருந்தால் முட்டை கருவுறும். அடைவைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடையாது. மஞ்சட்கருவில் சிலவேளை காணப்படும் குருதிப்புள்ளியைக் கருவென்று எண்ணி முட்டையையே வீசிவிடும் தாய்மார்கள் உண்டு. முட்டை உருவாகும்போது நுண்ணிய குருதிக்குழாய் ஒன்று வெடிப்பதால் வருவது அது. சேவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. (கருவுறாத முட்டை சைவமா என்று புரட்டாசி மாதந்தோறும் என்னிடம் கேட்போர் உளர். அது அவரவர் வீட்டு வழக்கம். அறிவியல் ஆசிரியனை அதில் இழுக்க வேண்டாம்.)

நம் நாட்டு வெப்பத்தில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். கருவுற்ற முட்டையைக் குளிரூட்டியில் வைக்காமல் சமையலறை மேசையில் சில நாள் விட்டுவைத்தால், தாய்க்கோழி அமராமலேயே கரு சிறிது வளரத் தொடங்கிவிடக்கூடும். பள்ளி விடுமுறைக்குப் பின் கூண்டிலிருந்து எடுக்கும் முட்டைகளை எந்த ஆசிரியர் உடைத்துப் பார்ப்பது?

அப்படியானால் சேவலால் பெட்டைகளுக்குப் பயனே இல்லையா? உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் திரியும் செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முன்னோடி. அந்தக் காட்டுவாழ்வின் பழக்கங்கள் நம் வீட்டுச் சேவலிடம் அப்படியே இருக்கின்றன. வானில் கழுகு வட்டமிட்டால் ஒருவகைக் குரல், தரையில் நாயோ பூனையோ வந்தால் வேறுவகைக் குரல் என இரண்டு எச்சரிக்கைகளை அது எழுப்புகிறது. முதற்குரல் கேட்டால் பெட்டைகள் மறைவிடம் தேடிப் பதுங்கும். இரண்டாம் குரல் கேட்டால் தலைநிமிர்ந்து சுற்றும்முற்றும் பார்க்கும். ஆய்வாளர்கள் ஒலியைப் பதிவு செய்து போட்டுக்காட்டி உறுதிப்படுத்திய செய்தி இது. இரை கண்டால் தான் உண்ணாமல் கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும் பண்பும் சேவலுக்கு உண்டு. இரையே இல்லாமல் பொய்யாக அழைத்துப் பெட்டையை அருகே வரவழைக்கும் சேவல்களும் உண்டென்று அதே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்! பெட்டைகளுக்குள் நடக்கும் கொத்துச்சண்டையும் சேவல் இருந்தால் ஓரளவு தணிகிறது.

ஆனால் இவையெல்லாம் திறந்தவெளியில் மேயும் கூட்டத்திற்குரிய நன்மைகள். தோட்டப்புறத்திலோ கம்பத்திலோ பத்துப் பெட்டைகளை அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர் ஒரு சேவல் வைத்திருப்பது முற்றிலும் பொருத்தம். நாம் பேசுவது கம்பிவலைக்குள் அடைபட்ட நான்கு பெட்டைகளைப் பற்றி. அங்கே கழுகு வராது. வருவதெல்லாம் இரவில் மூசாங்கும் மலைப்பாம்பும். இருட்டில் சேவலுக்குக் கண் சரியாகத் தெரியாது. பெட்டைகளோடு அதுவும் பரணில் உறங்கிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் கோழிகளைக் காப்பது நெருங்கிய கண்ணுள்ள வலுவான கம்பிவலையும் பூட்டிய கதவுமே.

தீமை எங்கே வருகிறதென்றால், எண்ணிக்கையில். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது கோழி வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு. நான்கே இருந்தால் அது மீண்டும் மீண்டும் அவற்றையே மிதிக்கும். முதுகுத் தூவல் உதிர்ந்து தோல் தெரியும். குதிமுள் கிழித்துப் புண்ணாகும். சேவலுக்குப் பிடித்த பெட்டைதான் முதலில் மொட்டையாகும். தப்பியோட இடமில்லாத கூண்டில் அது எங்கே போகும்? பெட்டைகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சேவல் வாங்குவோர், ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டைகளின் முதுகைப் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாரையும் மறக்கலாகாது. விடிவதைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நாம் பாடம் சொல்கிறோம். மங்கலான வெளிச்சத்திலேயே எந்நேரமும் வைக்கப்பட்ட சேவல்களும் தம் உடலின் உட்கடிகாரப்படி வேளை தவறாமல் கூவுவதை, சப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். ஆகவே கூண்டை இருட்டாக்கினால் கூவாது என்று நம்பிப் பயனில்லை. சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் 2017இல், இரைச்சல் குறித்த புகார்களுக்குப் பின் 24 கோழிகள் கொல்லப்பட்டு அது பெருஞ்செய்தியானது. புகார் செய்தவர்கள் மனிதர்கள். விலை கொடுத்தவை கோழிகள். நம் வரிசை வீட்டுக்காரர்கள் சேவல் வாங்குமுன், தங்கள் நகராண்மைக் கழகத்தின் விதியையாவது கேட்டறிவது நல்லது.

கூட்டத்தில் ஓர் ஆசிரியை, “குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?” என்றார். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகத்தான் இருக்கும். பத்துக் குஞ்சில் ஐந்து சேவல்கள் என்றால், ஐந்தாறு மாதத்தில் அவை ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கொஞ்சிய அந்த ஐந்தும் எங்கே போகும்? முட்டைப் பண்ணைக்கெனப் பொரிக்கப்படும் ஆண்குஞ்சுகளை முதல்நாளே அழிப்பது உலக வழக்கமாக இருக்கிறது. செருமனி 2022இல் அதனைத் தடை செய்தது. பெரிய தொழிலுக்கே சிக்கலாகிவிட்ட கேள்வி அது. நாமோ அதை ஆண்டு 3 பிள்ளைகள் முன்னிலையில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சந்திக்கப் போகிறோம்.

அந்த ஐந்து சேவல்களையும் ஏற்றுக்கொள்ளக் கம்பத்து நிலம் உள்ள ஒரு பெற்றோர் முன்வந்தால், கருவுற்ற முட்டை சிலவற்றை வெளியிலிருந்து வாங்கிப் பொரிப்புப்பெட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதற்கும் பள்ளியில் சேவல் தேவைப்படாது. சேவலுக்கென ஒதுக்கிய பணத்தில் கூண்டின் கம்பிவலையை இன்னும் கொஞ்சம் கனமானதாக வாங்கிவிடலாம். விடுமுறையில் யார் வந்து தீனி வைப்பது என்பதை மட்டும் அடுத்த கூட்டத்தில் பேசி முடித்தால் போதும்.