பற்றரியை இடம் மாற்றும்போது



சிறிய பைபர் படகில் எஞ்சின், பெற்றோல் தாங்கி, பற்றரி மூன்றும் பின்புறத்திலேயே இருந்தால் படகு பின்பக்கம் தாழும். பற்றரியை முன்னே நகர்த்துவது நல்லதுதான். ஆனால் பழைய வயரோடு இன்னொரு துண்டை முறுக்கி ஒட்டிவிடுவதில் ஆபத்து இருக்கிறது.

வயர் நீள நீள மின்னழுத்தம் வழியிலேயே குறையும். போகும் வயரோடு திரும்பும் வயரையும் கணக்கிட வேண்டும். 3 மீற்றர் தள்ளி வைத்தால் வயர் 6 மீற்றர். 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 100 அம்பியர் ஓடினால், பற்றரியின் 12 வோல்ற்றில் சுமார் 0.7 வோல்ற் வழியில் போய்விடும். 35 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. பற்றரி சற்றுத் தளர்ந்திருக்கும் நாளில், நடுக்கடலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதும் ஆகாததும் இந்த வித்தியாசத்தில் தங்கியிருக்கலாம்.

முறுக்கிய இணைப்பில் உப்புநீர் புகுந்தால் செம்பு பச்சை பிடிக்கும், இணைப்புச் சூடாகும். ஆகவே வெள்ளீயம் பூசிய, இடையில் ஒட்டில்லாத வயரே நல்லது. பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்தமான பியூஸ் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; எனவே காற்றோட்டமுள்ள பெட்டியில், பெற்றோல் தாங்கிக்கு எட்ட வைத்து, பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். கழற்றும்போது நெகற்றிவ் வயரே முதலில்.

அடுத்த முறை முற்றத்தில் இவ்வேலை நடக்கும்போது, "வயரின் பருமன் போதுமா? பியூஸ் போட்டாயிற்றா?" என்று கணவரிடமோ மகனிடமோ கேளுங்கள். கரையில் கேட்கும் இரு கேள்விகள் கடலில் ஓர் உயிரைக் காக்கலாம்.