மூட்டுவலியும் மறைக்கக்கூடாத செய்தியும்



உடற்பருமனைக் குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முழங்கால் வலிக்கென்று தாங்களாகவே மாத்திரை வாங்கி உண்ணலாகாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் ஆகியவை, இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கி, இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடக்கூடும். ஊசியாகப் போட்டாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

பாராசிட்டமால் பொதுவாக ஏற்றது. ஆயினும் அட்டையைத் திருப்பி வாசியுங்கள்; மேற்கூறியவற்றில் ஒன்று அதனுடன் கலந்த மாத்திரைகள் நம் நாட்டில் மிகுதி. மருத்துவர் குறித்த அளவையும் மீறாதிருங்கள். வெந்நீர் ஒத்தடமும் தொடைத்தசைப் பயிற்சியும் வலியைத் தணிக்கும்.

ஊர் மாறி வந்து புதிய மருத்துவரைக் காண்கிறவர்களே, வெட்கத்தினிமித்தம் அறுவை சிகிச்சையை மறைக்காதிருங்கள். அதையே முதலாவது சொல்லுங்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்தவாந்தி கண்டாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.