கையெழுத்து இருந்தா போதுமா?



போன கோடை விடுமுறையில் நடந்தது இது. எங்க பெரியப்பா மகள், அக்கா, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. போட்டோவைச் சின்ன அளவாக மாற்றணும். பள்ளியில் படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பில் தேடி, ஒரு இலவச மென்பொருளை இறக்கினாங்க. திறக்கும்போது கணினி அனுமதி கேட்டது. அதில் ஒரு கம்பெனியின் பெயரும் இருந்தது. "போடலாமாடி?" என்று அக்கா கேட்டாங்க. நான் பெரிய மேதாவி மாதிரி, "பேர் இருக்குக்கா. பேர் இல்லாததுதான் ஆபத்து. தைரியமா போடு" என்றேன்.

போட்டோ சின்னதாச்சு. ஆனால் அதோடு கேட்காத இரண்டு விருந்தாளிகளும் உள்ளே வந்துட்டாங்க. எதைத் திறந்தாலும் விளம்பரம். நாங்க வைக்காத தேடுபொறி. ஒரு வாரத்தில் லேப்டாப் நகரவே இல்லை. கடைக்காரர் 400 ரூபாய் வாங்கிக்கிட்டு எல்லாத்தையும் அழிச்சுக் கொடுத்தார். அதில்தான் இறந்துபோன எங்க தாத்தா படங்கள் இருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆயா மட்டும், "அந்தப் படம் வேற எங்கயாச்சும் இருக்குமா பாப்பா?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த டிஜிட்டல் கையொப்பம் என்றால் என்ன என்று ஒழுங்காகப் படித்தேன். அது இரண்டே விஷயம்தான் சொல்கிறது. ஒன்று, இந்தக் கோப்பை இன்னார் கொடுத்தார். இரண்டு, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு இதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இ-சேவை மையத்தில் வாங்கும் சாதிச் சான்றிதழிலும் இதே கையொப்பம்தான் இருக்கு. சான்றிதழ் தரும் நிறுவனம், கம்பெனியின் பெயரும் முகவரியும் உண்மையா என்றுதான் பார்க்கும். அந்த மென்பொருள் நம்ம வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று பார்ப்பதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்து உண்மையாக இருக்கலாம். அதனால் வட்டி நியாயமானது ஆகிவிடுமா?

கையெழுத்தே திருட்டுப் போவதும் உண்டு. 2010-இல் ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பிடிபட்டது. தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு கம்பெனிகளின் உண்மையான கையொப்பம் அதில் இருந்தது. அது அதிகம் பரவிய நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. 2017-இல் சிகிளீனர் என்ற மென்பொருளில் திருடர்கள் நுழைந்தார்கள். கம்பெனியின் சரியான கையொப்பத்தோடேயே அது சுமார் 22 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சான்றிதழ் தரும் இடத்திலும் தவறு நடக்கும். 2014 ஜூலையில், நம் நாட்டின் தேசிய தகவல் மையத்திலிருந்து கூகுளின் இணைய முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் போனது தெரியவந்து, அவை ரத்து செய்யப்பட்டன.

"அப்போ கையெழுத்தே வேணாமா?" என்று என் தோழி கேட்டாள். வேணும். கையெழுத்து இல்லாததைவிட இருப்பது நல்லது. ஆனால் அது முதல் படிதான், கடைசிப் படி இல்லை.

நம்ம ஊர்க் குகைக் கோயிலையே பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக விசித்திரசித்தன், அதாவது மகேந்திரவர்மப் பல்லவன், கல்வெட்டில் தன் பேரோடு சொல்லியிருக்கிறான். 1400 வருஷம் ஆகப்போகுது. ராஜா பேர் இருக்கு என்பதற்காக மட்டுமா நாம் நம்புகிறோம்? உள்ளே போய்த் தூணைத் தொட்டுப் பார்க்கிறோம். எல்லாம் ஒரே பாறை. செங்கல்லும் இல்லை, மரமும் இல்லை. பேரும் சரி, பொருளும் சரி. அப்படித்தான் சோதிக்கணும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. மென்பொருளை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம்.

2. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைப் பாருங்கள். பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

3. வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பைக் கொடுத்தால், பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறாகவும் இருக்கலாம், ஆசிரியரைக் கேளுங்கள். பல சொன்னால் தொடாதீர்கள். உங்கள் சொந்தக் கோப்புகளை அங்கே ஏற்றாதீர்கள், மற்றவர்களும் பார்க்க முடியும்.

4. நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தாமல், டிக் போட்ட கட்டங்களைப் படித்து, வேண்டாததை எடுத்துவிடுங்கள். நான் செய்யாதது இதைத்தான்.

5. ஆண்ட்ராய்டு போனில் எல்லா ஆப்பிலும் கையொப்பம் இருந்தே ஆகணும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் தானே உருவாக்கிக்கொள்ளலாம். அதனால் கல்யாணப் பத்திரிகை, அபராத ரசீது என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் திறக்கவே திறக்காதீர்கள். பணம் போனால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கணினி அறையில் ஒரு நோட்டு வைக்கலாம். எந்த மென்பொருள், எங்கிருந்து இறக்கியது, யார் சோதித்தது என்று அதில் எழுதிவிட்டுத்தான் நிறுவணும். முதல் மாதம் அந்த நோட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தாத்தா படம் ஒன்று மாமா போனில் கிடைத்தது. பாதி முகம்தான் தெரியுது. அதை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

பேரைப் பார்ப்போம்! பொருளையும் பார்ப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மண்டகப்பட்டு.