இடிச்சா தானா கழலும் ஒயர்!

"மோதின உடனே சாவியை ஆஃப் பண்ணிட்டோமே பாய், அப்புறமும் எப்படிப் புகை வந்துச்சு?"

திண்டுக்கல் பேகம்பூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நம்ம ஃப்ரெண்ட் கேட்ட கேள்வி இது. கார் முன்பக்கம் அப்பளமா நொறுங்கியிருந்தது. மெக்கானிக் பாய் தோல் உரிஞ்ச ஒரு தடி ஒயரைக் காட்டினார். "இதுக்கு சாவியும் தெரியாது, ஃபியூஸும் தெரியாது தம்பி!"

மேட்டர் இதுதான் ஃப்ரெண்ட்ஸ். பேட்டரி வெறும் 12 வோல்ட். தொட்டா ஷாக் அடிக்காது. ஆனா ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தவைக்க நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் வேணும். அதனால அந்த ஒயர் பெரும்பாலும் ஃபியூஸ் இல்லாம பேட்டரியில இருந்து நேரா போகுது. சாவியை எடுத்தாலும் கரன்ட் அதுல ரெடியா நிக்கும். நசுங்கி பாடியில உரசினா தீப்பொறி பறக்கும். கீழே பெட்ரோல் கசிஞ்சிருந்தா..? சொல்லவே வேணாம்!

பி.எம்.டபிள்யூ-வுக்கு இந்தத் தலைவலி டபுள். பல மாடல்கள்ல பேட்டரி டிக்கியில இருக்கும். ஸ்டார்ட்டர் ஒயர் காரோட முழு நீளத்துக்கும் ஓடும். அதனால 1990-களின் பிற்பகுதியிலேயே ஒரு ஐடியா பண்ணாங்க. பேட்டரியோட பாசிட்டிவ் முனையில துளியூண்டு வெடிமருந்து. பலமா மோதினா ஏர்பேக் கம்ப்யூட்டர் சிக்னல் கொடுக்கும். 'டப்!' மில்லி செகண்டுகள்ல ஒயர் தனியா கழண்டுடும்.

இதுல சூப்பர் சமாச்சாரமே, மொத்த கரன்ட்டையும் கட் பண்றதில்லை என்பதுதான். அந்தத் தடி ஒயர் மட்டும் அவுட். ஹஸார்டு லைட்டும் கதவு லாக்கும் உயிரோட இருக்கும். ராத்திரி நாலுவழிச் சாலையில பின்னாடி வர்ற லாரிக்கு அந்த மினுக் மினுக்தானே எச்சரிக்கை!

எலெக்ட்ரிக் கார்கள்ல விஷயம் இன்னும் சீரியஸ். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட். வெடிச்சுத் துண்டிக்கிற ஃபியூஸ் பல கார்கள்ல இருக்கு. ஆனா துண்டிச்ச பிறகும் பேட்டரிக்குள்ள சார்ஜ் அப்படியேதான் இருக்கும். ஆரஞ்சு கலர் ஒயரைப் பார்த்தா கை வைக்கவே கூடாது.

நம்ம ரோட்டுல ஓடுற பழைய கார்கள்ல இந்த 'டப்' கிடையாது. அங்கே நாமதான் ஏர்பேக் கம்ப்யூட்டர்! சாவியை ஆஃப் பண்ணுங்க. 108-க்கு போன் போடுங்க. பெட்ரோல் வாடை வந்தா பேட்டரிப் பக்கமே போகாம, எல்லோரையும் தள்ளி நிறுத்துங்க. வாடை, புகை எதுவும் இல்லாம, ஒயரைக் கழற்றியே ஆகணும்னா நெகட்டிவ் முதல்ல. ஏன்னு கேட்டதுக்கு பாய் சிரிச்சார்:

"கார் பாடியே நெகட்டிவ்தான் தம்பி. பாசிட்டிவை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா, தீபாவளிதான்!"