மோட்டார் வண்டியின் மின்சாரமும் நமது கடமையும்

தமிழ் பயில்வோராகிய யாம் மின்சாரத்தைக் குறித்து எழுதப் புகுந்தது நண்பர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். விஞ்ஞானம் அதற்குரியார் பொருளன்றோ என்பர். அக்கருத்தை மறுத்தற்கே இதனை எழுதுகின்றோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பொழிந்தது. செஞ்சியில் எங்கள் தெருவும் இருளில் மூழ்கிற்று. அப்போது உறவினர் ஒருவர் தம் மோட்டார் வண்டியின் பாட்டரியில் இன்வெர்ட்டரைப் பூட்டி, வீட்டிற்கு ஒளி தர முயன்றார். சிறிது நேரத்தில் கம்பியின் மேலுறை உருகிப் புகைந்தது.

காரணம் எளிது. 480 வாட் வேண்டுமாயின், 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவே போதும்; 12 வோல்ட் பாட்டரியிலிருந்தோ 40 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். மெல்லிய கம்பி அதனைத் தாங்குமோ? ஆதலின் தடித்த, குறுகிய கம்பியும், பாட்டரியின் நேர்முனையை அடுத்தே ஒரு பியூஸும் இன்றியமையாதன. நம் இராஜகிரியின் உச்சிக்கு அருகே ஆழ்ந்த பிளவொன்றும் அதன்மேல் ஒரு பாலமும் உள. பாலத்தை அகற்றிவிட்டால் பகைவர் அப்பால் செல்லார். பியூஸும் அத்தகையதே: தான் அறுந்து வீட்டைக் காப்பது.

பாட்டரி ஹைட்ரஜன் வாயுவைக் கக்குமாகலின், தீப்பொறி ஆகாது. இன்வெர்ட்டரை நிறுத்திவைத்தே முனைகளைப் பூட்டுக. கழற்றுங்கால் எதிர்முனையை முதற்கண் கழற்றுக. பூட்டிய கொட்டகையில் இயந்திரத்தை ஓட்டற்க. அதன் நச்சுப்புகை உயிர் கவரும்.

இவற்றினும் பெரும்பிழை ஒன்றுண்டு. இன்வெர்ட்டரின் மின்சாரத்தைச் சுவரிலுள்ள பிளக்கின் வழியே வீட்டுக் கம்பிகளிற் செலுத்துவோர் உளர். அது வீட்டோடு நில்லாது தெருக்கம்பிக்கும் செல்லக்கூடும். மின்சாரம் இல்லையென நம்பி, மழையில் நனைந்தவாறே கம்பம் ஏறும் லைன்மேன் அதனைத் தொடுவாராயின் என்னாம்? நம் ஒரு விளக்கிற்காக அவர் குடும்பத்தின் விளக்கை அணைத்தல் அறமாகுமோ? விளக்கையும் விசிறியையும் இன்வெர்ட்டரிலேயே நேராகப் பூட்டுதலே முறை.

இஃது எஞ்சினீயர் அறியவேண்டுவதே எனின், புயலிரவில் எந்த எஞ்சினீயர் நம் வாயிலில் நிற்பார்? ஆதலின் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், விஞ்ஞான ஆசிரியர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கி, எல்லா மாணவர்க்கும் இதனைச் செய்து காட்டுவார்களாக. இலக்கணம் கற்பார் முதல் வரிசையில் அமர்ந்து கேட்போம்.