23 நாய் இனங்களுக்கான தடை ரத்து: காவல் நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவை

விவசாயப் பெருமக்களே, தோப்புக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நாய் வளர்க்கிறோம். ராட்வைலர், பிட்புல் போன்ற நாய்களுக்குத் தடை வந்தது என்றும், பிறகு நீங்கிவிட்டது என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மையில் நீங்கியது எது என்று பார்ப்போம்.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 இன நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், துருக்கியில் ஆட்டு மந்தையை ஓநாயிடமிருந்து காக்கும் காங்கல் இருந்தது.

இதை எதிர்த்து நாய் வளர்ப்போர் நீதிமன்றம் சென்றனர். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 10 அன்று சுற்றறிக்கையை ரத்து செய்தது. பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்கவில்லை, சட்ட விதிகள் சொல்லாததை ஒரு சுற்றறிக்கை மூலம் கட்டாயமாக்க முடியாது என்பவை முக்கியக் காரணங்கள். சில நாட்களில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தது. மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுப்போம் என்று மத்திய அரசு அங்கே தெரிவித்தது.

கவனியுங்கள். 'இந்த நாய்களால் ஆபத்தில்லை' என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடை போட்ட முறைதான் தவறு என்றது. முறைப்படி கருத்துக் கேட்டு அரசு மீண்டும் விதி கொண்டுவரலாம். எனவே குட்டி விற்று லாபம் பார்க்கலாம் என்று இந்த இனங்களில் பெரும் பணம் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

தடை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகாது. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. சுற்றறிக்கை ரத்தான பிறகு நடந்த சம்பவம் இது. இருந்தும் உரிமையாளர் கைதானார். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி, வளர்ப்பு விலங்கை அஜாக்கிரதையாக விட்டால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதற்கு நாயின் இனம் கணக்கில்லை. நாட்டு நாய்க்கும் இதே சட்டம்தான்.

செய்ய வேண்டியவை:

• 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

• நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு மூர்க்கம் கூடும். வேலியிட்ட இடத்தில் விடுங்கள். வேலையாட்கள் வரும் நேரம் மட்டும் கட்டுங்கள்.

• குட்டியிலிருந்தே ஆட்களோடும் ஆடு மாடுகளோடும் பழக்குங்கள்.

• யாரையாவது கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தடுப்பூசி, கருத்தடை பற்றிய ஆலோசனைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும்.